எச்சில் சாரின் ஒரு பக்கம்

மணி ஏழே கால். நூலகத்துக்குப் போகும் அந்தச் சாலையில் ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை... ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உள்ளே என் தோழியின் தங்கை தனியாக இருந்தாள். இன்னும் சாப்பிட்டு முடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அவளுக்கு அங்கே ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. பொதுமக்கள் பிரிண்ட் எடுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வது. பேப்பர் சிக்கினால் இழுக்க வேண்டும். பிரிண்ட் வரவில்லை என்று ஒரே கடிதத்தைப் பதினைந்து தடவை அனுப்பும் புண்ணியவான்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று எட்டு மணிக்குள், நிரந்தர வேலைக்கான விண்ணப்பத்தைத் தலைமை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். விட்டால் வேலை போச்சு. ஆனால் கடைசி வாசகர் கிளம்பிய பிறகுதான் ஊழியர்கள் அந்த மெஷினில் சொந்த பிரிண்ட் எடுக்கலாம் என்பது அங்கே சட்டம்.

ஏழு பக்கம் அனுப்பினாள். கிர்ர்... கிர்ர்... நின்றுவிட்டது.

திரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் வரிசையில் இன்னொரு பிரிண்ட். ஒரே பக்கம். அதை அனுப்பியவரின் நூலக அட்டை எண் அவளுக்கு மனப்பாடம்.

எச்சில் சார். ஊழியர்கள் வைத்த பெயர். விரலை நாக்கில் நனைத்து, 'த்ச்' என்று தாளைப் பிரிப்பார். மெஷின் தட்டில் இருக்கும் வெள்ளைத் தாளையும் அப்படியே எண்ணிவைப்பார். ஈரத்தாள் சிக்காமல் என்ன செய்யும்? அந்த எச்சிலில் தினமும் கை வைப்பவள் இவள். அதற்கு முந்தின மாதம் குமட்டல் தாங்காமல், அவர் அனுப்பிய பிரிண்டை அழித்துவிட்டாள்.

"மெஷின் ரிப்பேர் சார். நாளைக்கு வாங்க."

"ஒரே ஒரு பக்கம்தாம்மா. சீக்கிரம் குடுத்தாகணும்."

மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் அழித்தாள். நான்காம் நாள் வரவில்லை. இறந்துவிட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று அவள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அவளே இதை என்னிடம் சொன்னபோது, எனக்கு அவள் மேல்தான் அருவருப்பு வந்தது.

இப்போதும் அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. மணி ஏழு முப்பத்தைந்து.

மெஷினின் பின்கதவைத் திறந்தாள். குப்பென்று நாற்றம்... பல் தேய்க்காத வாய் முகத்துக்கு நேரே திறந்த மாதிரி. சிக்கிய தாளை இழுத்தாள். கதகதவென்று, நொதநொதவென்று வந்தது. தாளுக்கும் உருளைக்கும் நடுவே கொழகொழவென்று ஒரு நூல் நீண்டு, அவள் புறங்கையில் அறுந்து விழுந்தது. தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

உடனே அவள் விண்ணப்பம் வந்தது. ஏழு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த கட்டாக.

பிரிக்கப் பார்த்தாள். நகம் நுழையவில்லை. மேஜையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

த்ச்.

மேல்தாளின் மூலை தானாக மேலே எழும்பியது. மெதுவாக விலகிப் பக்கத்தில் படுத்தது. த்ச். அடுத்தது. அவள் அசையவில்லை. ஏழு தாளும் பிரிந்துவிட்டன.

அப்புறம் எட்டாவதாக ஒரு... த்ச். பிரிக்கத் தாள் இல்லை. அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு ஈர விரல் பதிந்து, தோலின் ஓரத்தைத் தேடுகிற மாதிரி மெல்ல நெருடியது.

அவள் ஓடினாள். காகிதத்தை விடவில்லை. எட்டு அடிப்பதற்குள் கொடுத்தாள், வேலையும் கிடைத்துவிட்டது.

போன வாரம் அவளைப் பார்த்தேன். சோப்பு, டெட்டால், அடுப்புச் சூடு, எல்லாம் பார்த்துவிட்டாளாம். கையை நீட்டி, "தொட்டுப் பாருக்கா" என்றாள்.

தொட்டேன். ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் தோலின் ஒரு மூலை... லேசாக எழும்பியிருந்தது.