பீங்கான் பிள்ளையார்

சத்தம் போடாதேங்கோ அண்ணாச்சி, இந்தத் தெருவுல சுவருக்குச் சுவர் ஒட்டு. நீங்க இங்கே இருமினா அங்கே தண்ணி கொண்டு வருவா. உக்காருங்கோ முதல்ல. உங்க பொண்ணு ஷிஜாவை எம் பிள்ளை ஹரி மறந்துடணும், அவளுக்கு நாகர்கோவில்ல மாப்பிள்ளை பேசியாச்சு, அடுத்த மாசம் சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கப் போறா. அதானே சொல்ல வந்தேள்? காதுல விழுந்துது. நன்னாவே விழுந்துது. பீங்கான் கடையை அப்படியே போட்டுட்டு ஆரியசாலையிலேர்ந்து இந்த வெயில்ல நடந்து வந்திருக்கேள். ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு மீதியைத் திட்டுங்கோ.

அய்யோ, அண்ணாந்து குடிக்க வேண்டாம், சட்டையில ஆயிடும். வாயை வெச்சே குடியுங்கோ. எச்சில், தீட்டுன்னு முந்தி பாத்தோம், இல்லேங்கலை. இப்போ பாக்கறதில்லை.

யாரு, எம் பிள்ளை மயக்கிட்டானா? அவனா? பல்லிக்குப் பயந்து லைட்டைப் போட்டுண்டு தூங்கறவனாக்கும் அவன். மயக்கினது உங்க கடை மக். சிரிக்கலை நான், நெஜமாத்தான் சொல்றேன். கழக்கூட்டத்துல அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு பரிசு குடுக்கணும்னு சொல்லி, வெள்ளை மக் வாங்க உங்க கடைக்கு வந்தான். நீங்க நல்ல சரக்கா எடுத்துக் காட்டினேள். உங்க பொண்ணு என்ன சொன்னா? மூலையில புள்ளி விழுந்த செகண்ட்ஸ் கெடக்கே, அது போறும், புள்ளி இருக்கற எடத்துல பூ வரஞ்சு ஒவ்வொருத்தர் பேரும் எழுதித் தரேன்னா. கழிச்ச சரக்கு காசாறதேன்னு தலையாட்டினது யாரு? எம் பிள்ளையா? நீங்களாக்கும்.

பின்னே அது சும்மா வேலையா? மக்கை ஸ்பிரிட்டால தொடைக்கணும், ஊசி மாதிரி பிரஷ்ஷால எழுதணும், காயணும். காஞ்சப்பறம் உங்காத்துல கிறிஸ்மஸ் கேக் சுடற அடுப்பு இருக்கே, அதுக்குள்ள வெச்சுச் சுடணும். இல்லேன்னா ஒரு கழுவல்ல பேரும் போயிடும் பூவும் போயிடும். பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும்னு இவன் தினம் சாயங்காலம் கடைக்கு வந்தான். கம்பெனியில இருக்கறவா பேரு தீந்து போச்சு. அப்புறம் வேலையை விட்டுப் போனவாளுக்கும் மக் வாங்கினான். நல்ல வாடிக்கைன்னு நீங்க அவனுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்ச நாரங்கா வெள்ளம் வாங்கிக் குடுத்தேளாமே. சொன்னான்.

எங்காத்துக்காரர் ரிட்டயர் ஆனார் பாருங்கோ, ஆபீசுல சுவர்க் கடிகாரம் குடுத்தா. இனிமே எங்கேயும் போக வேண்டாங்கறவருக்கு மணி தெரிஞ்சு என்ன ஆகணுமோ. அன்னிக்கு ஷிஜாவும் வந்தா. வாசப்படிக்கு வெளியிலேயே நின்னுண்டு ஒரு பொட்டியை நீட்டினா. உள்ளே வாம்மான்னு இவரும் சொல்லலை, நானும் சொல்லலை.

பொட்டியைத் தொறந்தா மக். மக்குல நம்ம பழவங்காடிப் பிள்ளையார். கீழே, சாம்பசிவன் மாமாவுக்குன்னு எழுத்து. அய்யராத்துக்குக் குடுக்கறோமே, சாமி படம் போட்டா சந்தோஷப்படுவான்னு நெனச்சிருக்கு அந்தக் குழந்தை. பிள்ளையாரை யாராவது வாயில வெச்சு எச்சில் பண்ணுவாளோ? அதுக்குத் தெரியலை. ஆனா அழகாத்தான் இருந்தார், கேட்டேளா. அந்தக் கண்ணு இருக்கே, அது வரஞ்சதில்லை. சூளையில விழுந்த கறுப்புப் புள்ளி. நீங்க கழிச்சுப் போட்ட அதே புள்ளி. அதைச் சுத்தித்தான் மொத்த சாமியையும் உக்கார வெச்சிருந்தா.

இவருக்கு ஆகலை. பீங்கான் இந்தாத்து அடுக்களைக்குள்ள நுழைஞ்சதே இல்லை. அதுலேயும் முட்டை வெந்த அடுப்புல சுட்டது. தூரப் போடுன்னார். சரின்னு குப்பைத் தொட்டி வரைக்கும் போனேன். பிள்ளையாராச்சே, போடட்டுமான்னேன். வேண்டாம் வேண்டாம்னார். அப்போ கெணத்தடியில எச்சில் பாத்திரத்தோட வெக்கட்டுமான்னேன். அபச்சாரம்னார். பீரோ மேல? பல்லி நடக்கும். டிவி மேல? சோப்பு விளம்பரத்துல ஒருத்தி குளிக்கறா, அதுக்கு மேலயா பிள்ளையார்னார். வேற எடம் ஏது, நீங்களே சொல்லுங்கோ.

அதேதான். பூஜை அலமாரி. இவரே கைகாலை அலம்பிண்டு கொண்டு போய் வெச்சார். இப்போ வெளக்குத் திரியெல்லாம் அதுக்குள்ளதான். தினம் சந்தனப் பொட்டு, கைப்பிடியில ஒரு செம்பருத்தி. குளிக்காம நான்கூட அந்தப் பக்கம் போகப்படாது. உங்க கடை செகண்ட்ஸுக்கு வந்த வாழ்வைப் பாருங்கோ!

கொஞ்ச நாள் விட்டுட்டு மெதுவாக் கேட்டேன். ஏன்னா, அவாத்து அடுப்புல சுட்டது, அவ கையால வரஞ்சது, பூஜை உள்ளு வரைக்கும் போய் உக்காந்தாச்சு. வரஞ்சவ மட்டும் வாசல்லயே நிக்கணுமான்னு. மனுஷர் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுண்டார். பேப்பர் தலைகீழா இருந்தது. நான் திருப்பிக் குடுத்தேன்.

மக் வேற கல்யாணம் வேறயா? இருக்கலாம். சபையில என்ன சொல்லுவா, கடைத்தெருவுல எப்படி நடப்பேன்னு நீங்க கேக்கறது நியாயம்தான். எங்க தெரு மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுண்டா இருக்கு? பேசும். அடுத்தாத்துல இதைவிட ருசியா ஏதாவது கெடைக்கற வரைக்கும் பேசும்.

நாகர்கோவில் பையனை நான் ஒரு வார்த்தை கொறை சொல்லலையே. சிமெண்ட் கடை, சொந்த வீடு, எல்லாம் சரி. பொண்ணு பாக்க வந்தப்போ, அவ பூ வரஞ்ச கப்புல காப்பி குடிச்சுட்டு, இது டஜன் என்ன விலை போறதுன்னு உங்க கிட்டக் கேட்டானாமே. தப்பே இல்லை. வியாபாரம் தெரிஞ்ச பிள்ளை.

என்னது, இன்னிக்கே அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிண்டு போறேளா? சாயங்கால வண்டிக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சா? எழுந்திருக்காதேங்கோ. தம்பானூர் ஸ்டேஷன் எங்கேயும் ஓடிடாது. உங்க ஆத்துலேயும் இப்போ ஷிஜா இல்லை. எம் பிள்ளையும் அவளுமா, ஆமா, எங்காத்துக்காரரும் கூடத்தான், ஓட்டல்ல இலை போட்டுச் சாப்பிட்டுண்டிருப்பா. காலம்பற ரிஜிஸ்தர் ஆபீஸ் தொறந்ததும் கல்யாணம் முடிஞ்சுது அண்ணாச்சி. நோட்டீஸ் ஒரு மாசமா அங்கே போர்டுல தொங்கித்து. கடைத்தெருவுல அத்தனை கண்ணு இருக்கு, ஒண்ணுலேயும் படலை பாருங்கோ.

சாட்சிக்கு மூணு பேர் வேணும்னா. நான் ஒண்ணு, இவர் ஒண்ணு. மூணாவது உங்காத்துக்காரி லில்லிபுஷ்பம். எங்க அடுக்களையிலதான் பாயசத்துக்கு முந்திரி வறுத்துண்டிருக்கா. திட்டறதா இருந்தா ஒரு நிமிஷம் பொறுங்கோ, இப்போ கூப்பிட்டா கருகிடும்.