குசினிச் சுவரில் கரும்பலகை

– தொடாதேயும், யோசப்பின்! மூண்டு நாள் காயவேணும் எண்டு பெயின்ற் டின்னில போட்டிருக்கு. நாலு மணியோடதான் மூண்டு நாள் முடியுது.

– நாலு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிசம். அதுக்குள்ள உங்கட சுவர் ஓடிப் போயிடுமே?

– ரண்டு பூச்சு அடிச்சனான். அதுக்கு முதல் அரத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஓரமெல்லாம் ரேப் ஒட்டி... அடுப்பில ஒரு சொட்டு விழுந்திருக்கோ? பாரும்!

– பாக்கிறன், பாக்கிறன். இருபத்திரண்டு வரியமா இந்த வீட்டில ஒரு ஆணி அடிக்காத மனிசன்! செவ்வாய்க்கிழமை நான் வேலையால வந்து பாத்தா குசினிச் சுவர் கறுப்பு. மெலனிக்குப் படம் அனுப்பினன். "அப்பாக்கு என்ன நடந்தது?" எண்டு கேக்கிறாள் பிள்ளை. வீட்டுக்காரியைக் கேட்டனீங்களோ?

– கேட்டனான். வீட்டை விட்டுப் போகேக்க வெள்ளை அடிச்சுக் குடுத்தாச் சரியாம். ஆ, நாலு மணி! சோக்கை எடும். எழுதாதேயும், எழுதாதேயும்! முதல் சோக்கைப் படுக்க வைச்சு முழுக்கத் தேய்ச்சுத் துடைக்கவேணும். இல்லாட்டி முதல் எழுதினது நெடுகத் தெரிஞ்சு கொண்டிருக்கும்.

– ஐயோ மாதாவே, தும்மல் வருது... எண்டாலும் நல்ல வடிவாத்தான் வந்திருக்கு. சரி, டக்ளஸ் மாஸ்ரர், இண்டைக்கு என்ன பாடம்?

– பருப்புக் கறி. ஒரு சுண்டு பருப்புக்கு எத்தினை சுண்டு தண்ணி?

– கடைச் சாமான் எழுதத்தானே பலகை எண்டனீங்கள்?

– அதுவும்தான். சொல்லும், சொல்லும்!

– மூண்டு. மஞ்சள் முதலே போடுறது, உப்புக் கடைசி. ஏனப்பா, சாப்பிடுறதை விட உங்களுக்கும் பருப்புக்கும் என்ன சம்பந்தம்?

– மஞ்சள் முதல்... உப்புக் கடைசி... மீன் குழம்புக்குப் புளி எப்ப விடுறது? மெல்லச் சொல்லும், சோக் உடையுது!

– சோக்கைக் கீழ வையுங்கோ. உங்களோட ஒண்டு கதைக்கவேணும். கோவிக்கக் கூடாது.

– கோவிக்கேல்லை. கதையும்.

– ரயில் ஓட்டுற வேலைக்கு எழுதிப் போட்டனான்.

– ரயிலோ!

– ஓம், ரயில்தான். நாப்பத்தெட்டு வயசில! ஆஸ்பத்திரிக் குசினியில பத்தொன்பது வரியம் தட்டுக் கழுவினது காணும். என்னோட வேலை செய்யிற டொறத்தி அக்காதான் விளம்பரத்தைக் காட்டினவ. சோதினை பாஸ், கண் பாஸ், காது பாஸ். நூற்றி நாப்பது பேரில பன்னிரண்டு பேரை எடுத்தவங்கள், அதில நானும் ஒராள்! சிமுலேட்டரில இருத்தி ஓட்டவும் விட்டவங்கள். கைபிடியை முன்னுக்குத் தள்ள, தண்டவாளம் அப்பிடியே என்னட்டை ஓடி வருது. சிரிக்கிறனோ அழுறனோ எண்டு எனக்கே தெரியேல்லை!

– அப்ப ஏனப்பா இப்ப முகம் வாடுது?

– அவுஸ்பில்டுங், அந்த வேலைப் பயிற்சி, தூர ஹாலே நகரத்தில. பத்து மாசம். திங்கள் போனா வெள்ளிதான் வருவன். உங்களுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியாது. இங்க எர்லாங்கனில உங்களைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது? வாறனோ இல்லையோ எண்டு சொல்ல நேற்றோட தவணை முடிஞ்சுது. ஒண்டும் சொல்லாமல் விட்டிட்டன்.

– என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?

– கேட்டா நீங்கள் "போ" எண்டுதான் சொல்லுவியள். பிறகு பத்து மாசமும் பாணும் ஜாமும்தான் தின்னுவியள். எனக்கது தெரியும். சரி, விடுங்கோ. இப்ப அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுத்திருப்பாங்கள்.

– குடுக்கேல்லை.

– உங்களுக்கெப்பிடித் தெரியும்?

– செவ்வாய்க்கிழமை ரயில் கொம்பனியால வீட்டு போனுக்கு எடுத்தவங்கள். நீர் வேலையில நிண்டனீர். "உங்கட மனிசி வருவாவோ, மாட்டாவோ?" எண்டு கேட்டாங்கள். "வருவா" எண்டு சொல்லி போனை வைச்சிட்டு, நேர பெயின்ற் கடைக்குத்தான் போனனான்.