கீழ் வீட்டு அம்மாவின் அன்பளிப்புகள்

— கழுத்து, மாப்ள. முதல்ல கழுத்தைக் கட்டுப்படுத்து. ஆட்டாதே.

— நான் ஆட்டலையே அத்தான்.

— இதோ இப்பவே ஆட்டறே. நாம ஆட்டறது ஆமாவா இல்லையான்னு இந்த நாட்டுக்காரனுக்கு விளங்காது. சட்டைக் காலர்ல பலகை வெச்சுத் தைச்ச மாதிரி உக்காரு. வீட்டு ஏஜென்ட் மேல வர்றப்ப நீ தலையை ஆட்டினே, உன் கதை அங்கேயே முடிஞ்சது.

— இப்ப எங்கே அவர்?

— கீழ் வீட்டுல. அந்த அம்மாகிட்டப் பேசிட்டு இருக்கார். இந்த வீட்டுக்கு ரெண்டு பேர்னுதான் ஒப்பந்தம். மூணாவதா ஒரு ஆள் வந்தா கீழே குடியிருக்கறவங்க சம்மதிக்கணும். அப்புறம்தான் பேரைச் சேர்ப்பாங்க.

— அவங்க மாட்டேன்னு சொல்லிட்டா?

— உனக்கு விலாசம் கிடையாது. விலாசம் இல்லாதவனுக்கு உன் லிஃப்ட் கம்பெனியில வேலை அட்டை கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

— அத்தான், நான் ஊர்ல வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். ரூமையும் காலி பண்ணியாச்சு.

— பயப்படாதே. அந்த அம்மா நமக்காக உயிரைக் கொடுப்பாங்க. பதினோரு வருஷப் பழக்கம்.

— ரொம்பப் பேசுவாங்களா?

— பேசறதா? ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இந்த நாட்டுல பழக்கம்னா அதுதான். மனசுல போட்டுக்கோ. லிஃப்ட்ல ஏறினா நம்பரைப் பாரு, முகத்தைப் பார்க்காதே. பஸ்ல வேற சீட் காலியா இருக்கறப்ப ஒருத்தர் பக்கத்துல போய் உக்காராதே. சௌக்கியமான்னு கேட்டா சௌக்கியம்னு சொல்லு, முதுகுவலியை எல்லாம் எடுத்து விடாதே. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா...

— போகணுமா?

— போகவே கூடாது. அது சும்மா வாய் வார்த்தை. உங்க அக்காவைக் கேளு. இந்த நாட்டுல ஒரு வீட்டுப் படி ஏறியிருப்பாளா? ஏம்மா, ஏறியிருக்கியா?

— டீ ஆறுது. குடிங்க ரெண்டு பேரும்.

— பார்த்தியா, எவ்வளவு அடக்கம். நான் பழக்கினது.

— டம்ளருக்கு அடியில இது என்ன அத்தான்? வட்டமா, கம்பளித் துணி மாதிரி?

— கவனிச்சுட்டியா. கீழ் வீட்டு அம்மா கொடுத்தது. ஒரு அட்டை நிறைய ஒட்டி அனுப்பியிருந்தாங்க. மேஜையில சூடு படக் கூடாதாம். என்ன அக்கறை பாரு.

— பின்னாடி பசை இருக்கே.

— டம்ளர் வழுக்காம இருக்க.

— அத்தான், எங்க ஆபீஸ் நாற்காலி காலுக்கு அடியில இதை ஒட்டியிருக்கும். இழுக்கறப்ப சத்தம் வராம இருக்கறதுக்கு.

— உங்க ஆபீஸ்ல டம்ளருக்கு ஒட்டறதை நாற்காலிக்கு ஒட்டியிருப்பாங்க. விஷயம் தெரியாதவங்க. அந்த ஷோகேஸைப் பாரு. அதுவும் அவங்க கொடுத்ததுதான்.

— ஸ்லிப்பரா?

— மூணு ஜோடி. மூணு வருஷம், வருஷத்துக்கு ஒண்ணு. உள்ளே பஞ்சு, கைக்குழந்தை மாதிரி மெத்துனு இருக்கும். பரிசா வந்ததைக் கால்ல போட மனசு வருமா? அப்படியே எடுத்து வெச்சுட்டேன்.

— சுவர்ல மாட்டியிருக்கறது?

— தரைவிரிப்பு. கனமானது. அதுல நடந்தா மரியாதை இல்லை.

— வீடு முழுக்க மரத்தரை அத்தான். நடந்தாலே திம்திம்முங்குது.

— உறுதியான மரம். காலையில அஞ்சு மணிக்கு நான் இதுலதான் ஸ்கிப்பிங் ஆடறேன். ஆயிரம் குதி. இத்தனை வருஷத்துல ஒரு பலகை விட்டுக் கொடுத்ததா?

— அஞ்சு மணிக்கா? அந்தம்மா தலைக்கு மேலயா?

— அதுக்கப்புறம்தான் அந்த வாழ்த்து அட்டை வந்தது. இங்கே பாரு. கூரை மேல ஒரு யானை டான்ஸ் ஆடுது. நம்ம ஊர் மிருகமாச்சேன்னு தேடிப் பிடிச்சு வாங்கியிருக்காங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு மாப்ள.

— அக்கா.

— ம்.

— நீ இதெல்லாம் பார்த்துட்டு சும்மாவா இருந்தே?

— சர்க்கரை போதுமாடா?

— அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்லிப்பர், விரிப்பு, நாற்காலிக்கு ஒட்டறது, கூரை மேல யானை. எல்லாம் ஒண்ணைத்தான் சொல்லுது. மெதுவா நடங்கன்னு சொல்றாங்க.

— நீ வந்து எவ்வளவு நாள் ஆச்சு?

— போன வாரம் வந்தேன்.

— போன வாரம் வந்த கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். குறை சொல்லணும்னா வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்களா?

— வாயே திறக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.

— அது வேற சந்தர்ப்பம். சரி, இன்னிக்குக் காலையில கதவுக்கு வெளியே என்ன இருந்தது தெரியுமா? மடிச்ச அட்டைப்பெட்டி. புதுசு. ஒட்டறதுக்கு டேப்போட. உன் சாமானைப் போட்டு வெக்க ஆகும்னு அனுப்பியிருக்காங்க. நீ வந்தது அதுக்குள்ளே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு.

— எத்தனை பெட்டி?

— ஏழோ எட்டோ.

— என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு சூட்கேஸ் அத்தான்.

— தாராள மனசு.

— காலி பண்ணிட்டுக் கிளம்புங்கன்னு சொல்றாங்க. இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க? அந்தம்மாகிட்டப் போய் சம்மதம் கேக்க விட்டிருக்கீங்களே. மேல இன்னொரு ஜோடிக் கால் வரட்டுமான்னு ஏஜென்ட் கேக்கறார். என்ன சொல்லுவாங்க? நான் இப்பவே கீழே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்.

— உக்காரு. சொல்லாம கொள்ளாம ஒரு வீட்டுக் கதவைத் தட்டினா போலீஸைக் கூப்பிடுவாங்க இந்த நாட்டுல. பதினோரு வருஷம் கட்டிக் காத்த பேரை ஒரே நாள்ல கெடுத்துடாதே.

— அக்கா, நீயாவது சொல்லேன்.

— உக்காருடா. மணி அடிக்குது பாரு, ஏஜென்ட் வந்துட்டார்.

— நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. வாசல்ல வெச்சே பேசிடறேன். மாப்ள, சிரி. பல்லு தெரியாம சிரி.

— போச்சு அக்கா. எல்லாம் போச்சு. என்ன பேசிக்கறாங்க? ஒண்ணும் புரியலையே.

— கீழ் வீட்டம்மாவுக்கு ஆட்சேபணை இல்லையாம்.

— என்ன?

— இத்தனை வருஷத்துல மேல் வீட்டைப் பத்தி ஒரு குறை கூட எழுதிக் கொடுத்ததில்லையாம். நல்ல குடும்பம், பையன் பேரைச் சேர்த்துக்கலாம்னு சொன்னாங்களாம். கையெழுத்துப் போடத் தன் வண்டி வரைக்கும் வர முடியுமான்னு உங்க அத்தானைக் கேக்கறார். இவர் வேற என்னமோ புரிஞ்சுக்கிட்டு, வண்டி ரொம்ப அழகா இருக்குங்கறார். இப்ப ஏஜென்ட் பேனாவை எடுத்துக் காட்டிப் புரிய வெக்கறார்.

— உனக்கு எப்படி இவ்வளவு புரியுது? உனக்கு இந்த பாஷையில பத்து வார்த்தை தெரிஞ்சா அதிகம்னு அத்தான் சொன்னாரே.

— அவருக்குத் தெரிஞ்ச பத்து வார்த்தையைத்தான் அவர் முன்னாடி நானும் சொல்லுவேன்.

— மாப்ள, கேட்டியா? சம்மதம். முழுச் சம்மதம். மெதுவா நடங்கன்னு சொல்றாங்களாம் இவனுக்கு. என்ன சொன்னேன் நான்?

— உயிரைக் கொடுப்பாங்கன்னு சொன்னீங்க அத்தான்.

— இந்த நாட்டுல மனுஷங்களைப் படிக்கத் தெரியணும். நான் கீழே போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வரேன். வந்து உனக்கு மாடிப்படி விஷயம் சொல்றேன். எந்தக் கைப்பிடியைப் பிடிக்கணும்னு ஒரு முறை இருக்கு.

— சரி அத்தான். போயிட்டு வாங்க.

— ஏன்டா அப்படிப் பார்க்கறே?

— என்ன நடக்குது அக்கா இந்த வீட்டுல?

— ஒண்ணும் நடக்கலை. முதல் ஜோடி ஸ்லிப்பர் வந்த மறுநாள் நான் கீழே போய் மன்னிப்புக் கேட்டேன்.

— கதவைத் தட்டினியா?

— தட்டினேன். போலீஸ் வரலை. உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. என் முதுகுவலியைச் சொன்னேன். அவங்க முட்டிவலியைச் சொன்னாங்க. மறுநாளும் வான்னாங்க, போனேன். இவர் ஆபீஸ் போனப்புறம் மத்தியானத்துல இறங்கிடுவேன். பாஷை அங்கே கத்துக்கிட்டதுதான்.

— தினமுமா?

— ஞாயிறு தவிர. ஞாயிறு இவர் வீட்டுல இருப்பார்.

— அப்புறமும் ஏன் ஸ்லிப்பர் அனுப்பிட்டே இருந்தாங்க?

— இவர் அதை ஷோகேஸ்ல வெச்சிருக்கார்னு சொன்னேன். நம்பலை. இன்னொரு ஜோடி அனுப்பிப் பார்த்தாங்க. அப்புறம் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு. யானை அட்டையை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் கடையில தேடினோம்.

— அப்ப அட்டைப்பெட்டியும் விளையாட்டா?

— இல்லை. அது நான் கேட்டு வாங்கினது.

— எதுக்கு?

— துணிமணிக்கு. கொஞ்சம் பாத்திரம். அவங்க தங்கச்சி பொண்ணு ஒருத்தி பல் செட் செய்யற லேப் வெச்சிருக்கா. வேற ஊர்ல. ரயில்ல அரை நாள் ஆகும். நான் படிச்சது அதைத்தானேடா? அவ இங்கே வந்திருந்தப்ப மெழுகுல பல் அடுக்கிக் காட்டினேன். இன்னும் கை மறக்கலை. வர்ற வாரம் வேலைக்கு வரச் சொல்லிட்டா. தங்க ரூமும் தர்றா.

— அத்தானுக்குத் தெரியுமா?

— மூணு தடவை சொல்லிட்டேன். நான் போறேங்க, தனியா இருக்கப் போறேன்னு. ஒவ்வொரு தடவையும் ரயில்ல எந்தப் பக்க சீட்டுல உக்காரணும்னு சொல்லிக் கொடுத்தார்.

— கோபமா அவர் மேல?

— கோபம் இருந்தா எப்பவோ போயிருப்பேன். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இவ்வளவு நாள் ஆச்சு.

— மூணு பேர் ஆனா இன்னும் சத்தம் வருமேன்னு அந்தம்மா கேக்கலையா?

— ரெண்டு பேர்தான் இருக்கப் போறாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

— அப்ப நாலு மாசமா எனக்கு போன் போட்டது? இங்கே நல்ல வேலை இருக்கு, வா வான்னு விடாம கூப்பிட்டியே. தம்பி பக்கத்துல இருந்தா உனக்குத் தெம்புன்னு நினைச்சேன்.

— தெம்புதான். உனக்கும் வேலை நல்ல வேலைதான். ஆனா அவர் சொல்றதைக் கேக்க வீட்டுல ஒரு ஆள் இல்லைன்னா தவிச்சுப் போயிடுவார்டா, அதான் உன்னை வரவழைச்சேன்.