எண்ணியபோது பதினாறு பேர்

என் பெயர் எஃபி கில்லாண்டர்ஸ். வயது ஐம்பத்து நான்கு. ப்ளாக்டன் கிராமத்தில் கடலோரத் தெருவில் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். எடின்பரோவிலிருந்து புறப்படும் ஐந்து நாள் மலைநாட்டுக் கோட்டைச் சுற்றுலா வண்டியை ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். ஓட்டுவதும் நான்தான், கதை சொல்வதும் நான்தான். இதுவரை என் மேல் எந்தப் புகாரும் கிடையாது. நவம்பர் முதல் தேதி புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கைல் காவல் நிலையத்தில், காவலர் ஃபின்லே மாத்ஸன் கேட்கக் கேட்க நான் சொன்னதாவது:

ஞாயிற்றுக்கிழமை காலை பதினாறு பயணிகளோடு புறப்பட்டேன். வண்டியில் பயணிகளுக்குப் பதினாறு இருக்கைதான். ஜன்னலோரச் சண்டை வரக்கூடாது என்பதற்காகத் தினமும் காலையில் எல்லோரும் இரண்டு வரிசை தள்ளி உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் யார் எந்த இருக்கை என்று எனக்கு மனதில் பதிவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணுவேன். பதினாறு வந்தால் வண்டியை எடுப்பேன்.

காணாமல் போன திரு. ஆர்ச்சி மட்ச் என்பவர் டண்டீயைச் சேர்ந்தவர். வயது எழுபத்தொன்பது. தனியாக வந்தவர். இதயத்துக்குக் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டியவர் என்று பதிவுத் தாளில் இருக்கிறது. காதில் கருவி வைத்திருந்தார். முதல் நாளே நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் அதைக் கழற்றி ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு மூடினார். ஏன் என்று கேட்டேன். "நீ சொல்றதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பேட்டரி தாங்கணும்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். காவலர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு மூன்றாம் நாளான நேற்று, செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்கு டன்கரோக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல மழை. கம்பெனி கொடுத்த நீல மழை அங்கியை எல்லோரும் தலையோடு மூடியிருந்தார்கள். உள்ளே போகுமுன் சாம்பல் பிரபுவின் கதையைச் சொன்னேன். திரும்பி வராத படகுக்காக மேல் ஜன்னலில் நின்றபடியே செத்துப்போன பிரபு அவர். வண்டி கிளம்பும்போது அந்த ஜன்னலைப் பார்த்தால் இன்றைக்கும் கை காட்டுவார் என்று சொல்வேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அங்கே டிக்கெட்டும் தேநீர்க் கடையும் பார்க்கும் ஷோனா என்பவள் எங்களுக்காக மாடிக்கு ஏறிப்போய் வெள்ளை மேசைத் துணியை ஆட்டுவாள். ஒன்பது வருடமாக நடக்கிறது. பயணிகளுக்கு உயிரே போய்விடும், அப்படிக் கத்துவார்கள்.

நேற்றோடு கோட்டைக்கு இந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. இனி ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள். இரண்டரை மணிக்கு மணி அடித்தார்கள். எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். கண்ணாடியில் எண்ணினேன், பதினாறு. வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து யாரோ "அதோ பிரபு!" என்று கத்தினார்கள். மேல் ஜன்னலில் கை ஆடியது. அன்றைக்குத் துணி இல்லை, வெறும் கை. ஆனால் எப்போதையும்விட வேகமாக ஆடியது. எல்லோரும் கை காட்டினோம். நானும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டினேன்.

அதன் பிறகு மூன்றேகால் மணிக்குப் பாலத்தடி அருவியில் இருபது நிமிடம் நிறுத்தினேன். சிலர் இறங்கினார்கள், சிலர் மழைக்குப் பயந்து உள்ளேயே இருந்தார்கள். கிளம்பும்போது எண்ணினேன், பதினாறு. அதன் பிறகு எங்கேயும் நிற்காமல் ஓட்டி நாலரை மணிக்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். அறைச் சாவியைக் கொடுக்கும்போது பதினைந்து பேர்தான் இருந்தார்கள். ஒரு சாவி என் கையிலேயே நின்றுவிட்டது. அது திரு. மட்ச்சின் சாவி.

வழியில் வண்டி நின்றதா என்று காவலர் கேட்டார். நிற்கவில்லை என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்தும் நிற்கவில்லை என்றேன். ஓடும் வண்டியிலிருந்து எண்பதை எட்டப்போகும் மனிதர் எப்படி இறங்குவார் என்றார். அதைத்தான் நானும் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பதினாறு பேரோடு கிளம்பினேன், நிற்கவில்லை, பதினைந்து பேரோடு வந்தேன். இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஓர் ஆள் குறைகிறார்.

அவர் பக்கத்தில் இருந்த ஹன்னலோரே என்ற ஜெர்மன் அம்மாளை நேற்றே விசாரித்தார்கள். கிழவருக்கு வளைவுகளில் குமட்டியதால் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்ததாகவும், தன் பக்கத்தில் வேறு யாரோ தலையை மூடிக்கொண்டு தூங்கியதாகவும் சொன்னார். இன்னொருவர், அருவிக்கரையில் நீல அங்கி ஒன்று பாறைமேல் தனியாக நின்றதைப் பார்த்தேன் என்றார். எல்லோருமே நீல அங்கிதான். ஆனாலும் நான் அருவியில் எண்ணியது பிழை, மனிதர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். மீட்புக் குழு நேற்று மாலையிலிருந்து ஆற்றில் இருக்கிறது. என் தம்பி ருவாரியும் அதில் ஒருவன். இடுப்பளவு தண்ணீரில் கம்பு வைத்துத் தேடுகிறான். காலையில் பார்த்தபோது, "நீ எண்ணுனது சரியாக்கா? சத்தியமா சரியா?" என்று கேட்டான். சரி என்றேன். அவன் மறுபடி தண்ணீரில் இறங்கினான்.

அதன் பிறகு காவலர், வண்டியைச் சோதித்து எடுத்த பொருட்களை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கேட்டார். மாத்திரைப் பெட்டி, செவ்வாய் மாலைக் கட்டம் திறக்கப்படாதது, திரு. மட்ச்சுடையது. மிட்டாய் டப்பா, உள்ளே காதுக் கருவி, திரு. மட்ச்சுடையது. அவர் இருக்கைக்கு அடியில் காகிதப் பையில் இரண்டு ஸ்கோன் ரொட்டி. இதுவும் அவருடையதா என்று கேட்டார்.

"அது ஷோனாவோடது. கடையில மிஞ்சினத எல்லாருக்கும் குடுத்துட்டு வந்தா" என்றேன்.

காவலர் பேனாவை வைத்துவிட்டார். எங்களுக்குள் நடந்த பேச்சு பின்வருமாறு:

"ஷோனா வண்டியில வந்தாளா?"

"வந்தா. கடைசி நாள்ல, பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேணாமா? மழை வேற."

"எப்ப எறங்குனா?"

"சிவப்பு ஃபோன் கூண்டுகிட்ட. அவ வீட்டு முடுக்குல."

"எங்கயும் நிக்கலன்னு மூணு வாட்டி சொன்னியேக்கா!"

"அது நிக்கிறதாடா? ஷோனாவத்தானே எறக்கி விட்டேன்!"

காவலர் சிரிக்கவில்லை. அதே கூண்டருகில் அவரையும் பல தடவை என் வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். அவரும் அதை யாரிடமும் நிறுத்தம் என்று சொல்லியிருக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் ரோட்டோரம் நனைந்து நிற்கிற தெரிந்தவரை ஏற்றிக்கொள்ளாமல் போனால் மறுநாள் முகத்தில் விழிக்க முடியாது. அதற்கு நாங்கள் பயணி என்றும் பேர் வைப்பதில்லை, நிறுத்தம் என்றும் பேர் வைப்பதில்லை. கம்பெனி விதியில் கூடாது என்று இருக்கிறது. அதனால் மறைத்தேனா என்று கேட்டார். இல்லை. மறைக்க வேண்டும் என்றால் முதலில் நினைவு வர வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நீல அங்கியை ஷோனாவுக்கு நானே கொடுத்தேன். நேற்றும் அதைத்தான் போட்டிருந்தாள். மற்ற நாட்களில் வழியில் ஏற்றிக்கொள்ளும்போது, வண்டி நிறைந்திருந்தால் அவள் என் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டிமேல்தான் குந்துவாள். நேற்று நேரே பின்னால் போய் ஓர் இருக்கையில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். காலி இருக்கை எங்கிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று விடியற்காலைக் கப்பலில் லூயிஸ் தீவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே நடப்பது அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் கோட்டையில் நான் எண்ணியது பதினைந்து பயணிகளையும் ஷோனாவையும் என்று காவலர் சொன்னார். ஆமாம் என்றேன். சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஃபின்லே, ஷோனா வண்டியில இருந்தான்னா ஜன்னல்ல யாருடா?"

பதினொன்று ஐம்பதுக்கு வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. கோட்டைச் சாவி ஷோனா வீட்டு விறகுக் கொட்டகை ஆணியில் தொங்குவது ஊருக்கே தெரியும் என்று நான் சொல்ல, காவலர் தொப்பிகூடப் போடாமல் ஓடினார்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு வாக்குமூலம் தொடர்ந்தது. காவலர் என்னிடம் சொன்னதாவது: திரு. மட்ச் மேல்மாடி அறையில், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், பிரபுவின் கட்டிலில் வெல்வெட் விரிப்பை மூன்று மடிப்பாகப் போர்த்திக்கொண்டு கிடந்தார். 'தொடாதீர்கள்' என்ற பலகையைச் சுவரோரமாகப் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு வேளை மாத்திரை தவறியிருந்தது. உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்கிறார். ஆற்றிலிருந்து எல்லோரையும் ஏறச் சொல்லிவிட்டார்கள். ருவாரிக்குக் கால்விரல் இரண்டு மரத்துப்போயிருக்கிறது. என்னோடு இன்னும் பேசவில்லை.

மணி அடித்தது திரு. மட்ச்சின் காதில் விழவில்லை. கீழே வண்டி திரும்புவதைப் பார்த்துத்தான் ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார். கோபமாக இருந்தாரா என்று காவலரிடம் கேட்டேன். இல்லை என்றார். என்னதான் சொன்னார் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன்:

"நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன் தம்பி. வண்டி மொத்தமும் எனக்குக் கை காட்டுச்சு. அந்தம்மாவும் காட்டுச்சு. பாத்துட்டாங்க, வந்துருவாங்கன்னு கட்டில்ல உக்காந்தேன்."

இதைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். கோட்டையிலும் அருவியிலும் பதினாறு என்று வருகிற இடத்தையெல்லாம் பதினைந்து என்று மாற்றச் சொல்லிக் கேட்டேன். முதலில் சொன்னதை மாற்ற முடியாது என்றார். ஆகையால் அந்த எண்ணையும், நின்றதா என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில்களையும் தவிர இதில் உள்ள எல்லாம் நடந்தது நடந்தபடி. நான் கை காட்டியதும் சேர்த்து.

(ஒப்பம்) எஃபி கில்லாண்டர்ஸ்
என் முன்னிலையில்: ஃபின்லே மாத்ஸன், காவலர்