ஸ்டியரிங்கில் தொங்கிய சட்டை

வண்டிங்களுக்குப் போட்ட மாலை வாடறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லி முடிச்சிடறேன், கேளுங்க. யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்ல... என் கையால நான் பண்ணுன காரியம். பதினோரு வருசம் ஆச்சு. அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க.

இதோ, பொட்டு வச்சு நிக்குதே அறுவடை மெசின்... இதே மாதிரி ஒண்ணுலதான் அப்ப எனக்கு வேலை. தை மாசம். ஆத்தூர்ல இருந்து கிளம்பித் திருத்துறைப்பூண்டி பக்கம் போயிருந்தோம். மூணே பேரு. ஓட்டுறது பழமலை அண்ணன். மெசின் அடைச்சுக்கிட்டா உள்ள நுழைஞ்சு வைக்கோலைப் பிடுங்கறது வையாபுரி. நெல்லைக் கொட்டுன இடத்துல தார்ப்பாய் போட்டு மூடறது நான்.

உள்ள நுழையறதுன்னா என்னன்னு இங்க இருக்கற பாதிப் பேருக்குத் தெரியும். பின்னால வைக்கோல் விழற வாய் வழியா முழு உடம்பையும் உள்ள விடணும். தலைக்கு நேரா கதிரை அடிக்கற டிரம்மு. டிரம்மு பூராவும் இரும்புப் பல்லு. முன்னால ஓட்டுற சீட்டுல உக்காந்தா, உள்ள ஆள் கிடக்கறது தெரியுமா? தெரியவே தெரியாது.

அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம். உள்ள போறவன் சட்டையைக் கழட்டி ஸ்டியரிங்ல மாட்டிட்டுத்தான் போவான். சட்டை தொங்குனா ஆள் உள்ள. சட்டை இல்லேன்னா ஆள் வெளிய. அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முத நாளே பழமலை அண்ணன் இதை எனக்குச் சொல்லிட்டாரு. அதனால எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும்... இதை ஞாபகம் வச்சுக்கங்க.

அன்னைக்கு மத்தியானம் ஈர வைக்கோல் சுத்தி மெசின் நின்னு போச்சு. பழமலை அண்ணன் சாப்பிடறேன்னு மோட்டார் கொட்டாய்ப் பக்கம் போயிட்டாரு. வையாபுரி சட்டையை மாட்டிட்டு உள்ள போனான். அன்னைக்கு அவன் போட்டிருந்தது பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை. மஞ்சக் கலரு. அவன் பொண்ணு ஆசைப்பட்டு எடுத்ததாம், காலையில இருந்து பத்துப் பேருகிட்டச் சொல்லிட்டான்.

திடீர்னு தூறல் போட்டுச்சு. நான் நெல்லை மூட ஓடறேன். ஓடற வழியில கண்ணுல பட்டது அந்தச் சட்டை. அடடா, புதுச் சட்டை நனையுதே... கை முந்திடுச்சுங்க. எடுத்தேன், மடிச்சேன், பிளாஸ்டிக் பையில போட்டு அக்குள்ல இடுக்கிக்கிட்டேன். எம்புட்டு நல்ல மனசு பாருங்க எனக்கு!

நான் தார்ப்பாயை இழுத்து விரிச்சுக்கிட்டு இருக்கேன். பின்னால மெசின் ஸ்டார்ட் ஆகற சத்தம்.

மழை வலுக்கறதுக்குள்ள மிச்சத்தை அறுத்திடணும்னு பழமலை அண்ணன் பாதிச் சோத்துல ஓடி வந்திருக்காரு. ஏறுனாரு. ஸ்டியரிங்கைப் பாத்தாரு. சட்டை இல்ல. சாவியைத் திருகிட்டாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியுமா? எங்கப்பா ஓட்டுன காலத்து டிராக்டருக்கு முன்னால வந்து நின்னு, கம்பியைச் சொருகிச் சுத்துனாத்தான் ஸ்டார்ட் ஆகும். நாலு சுத்து சுத்தறதுக்குள்ள வண்டியைச் சுத்தி யார் நிக்கறா, யார் படுத்திருக்கான்னு தெரிஞ்சிடும். இப்ப? ரெண்டு விரல் போதும்.

இஞ்சின் ஓடுனாலும் டிரம்மு உடனே சுத்தாது. பக்கத்துல இருக்கற லீவரைத் தள்ளணும். அந்த லீவரைத் தள்ளற நேரம்தான் வையாபுரிக்கு மிச்சம் இருந்த ஆயுசு.

நான் கத்தறேன். இஞ்சின் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. உள்ள அவனும் கத்தியிருப்பான்... யாருக்குக் கேக்கும்? ஓடறேன். சேத்துல கால் புதையுது. விழுந்தேன். எந்திரிச்சேன். அண்ணன் கை லீவர் மேல போயிடுச்சு, அது என் கண்ணுக்குத் தெரியுது. வண்டிக்கு முன்னால போய் நின்னு, பையைக் கிழிச்சு, அந்த மஞ்சச் சட்டையை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனேன்.

பாத்துட்டாரு.

கை நின்னுச்சு. இஞ்சினும் நின்னுச்சு. அண்ணன் இறங்கி வரல, வர முடியல. ஸ்டியரிங்லயே தலையைச் சாய்ச்சுக்கிட்டாரு. வையாபுரி பின்பக்கமாத் தவழ்ந்து வந்து சேத்துலயே உக்காந்தான். நான் அழுதுக்கிட்டே சட்டையை நீட்டுறேன். வாங்கிப் பாத்தான், என்னையும் பாத்தான். திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

"சட்டை நனைஞ்சா காஞ்சிருக்குமில்லண்ணா?"



இதை ஏன் ஆயுத பூஜை அன்னைக்குச் சொல்றேன்? காலையில நான் சீக்கிரமே வந்துட்டேன். வரிசையில கடைசியா நிக்கற டிராக்டரைப் பாத்தேன். பின்னால சுத்துற தண்டு மேல, வேட்டி துண்டு சிக்காம இருக்க ஒரு மூடி இருக்குமே, அதைக் காணோம். தேடிப் பாத்தா... யாரோ கழட்டிக் கழுவி, புதுசா பெயின்ட் அடிச்சு, காயட்டும்னு செவுத்துல சாத்தி வச்சிருக்காரு. நல்ல மனசுதான். நான் பண்ணுன அதே நல்ல மனசு. பூஜை முடிஞ்சதும் அந்த வண்டிதான் முதல்ல ஓடப் போகுது. சுத்தி நிக்கப் போறது நம்ம பொம்பளைங்க, சேலை கட்டிக்கிட்டு.

கெட்டவனைக் கண்டா நாமளே ஒதுங்கிக்குவோம். எனக்குப் பயம் அவன்கிட்ட இல்ல. நல்லது பண்றேன்னு, ஒரு வார்த்தை கேக்காம, இன்னொருத்தன் உசுருக்குக் காவலா இருக்கறதைக் கழட்டுற கைகிட்டத்தான் பயம். அந்தக் கை எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. ஒரு பொருளை எடுக்கறதுக்கு முன்னால, இது ஏன் இங்க இருக்குன்னு வாயைத் திறந்து கேளுங்க. கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவோம்?

கழட்டுனவர் யாருன்னு நான் கேக்கல. பெயின்ட் ஈரமாத்தான் இருக்கும். கையில ஒட்டுனா துடைச்சுக்கலாம். எந்திரிச்சுப் போய் அந்த மூடியை மாட்டிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் பேச்சு இல்ல... இப்படியே நிக்கறேன்.