எங்கே என்று கேட்கக் கூடாது

“அயர்லாந்துல இந்த ரெண்டு வருசத்துல யாருமே எங்கிட்ட சம்பளம் எவ்வளவுன்னு கேட்டதில்ல ஆன்ட்டி.”

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் சொன்னாள். லீவில் வந்திருக்கிறாளாம். பக்கத்தில் மொடமொடப்பான சேலையில் ஓர் அம்மாள். பஸ் ஏறிய பிறகுதான் பழக்கம்.

“கேக்காம எப்படித்தான் பழகுதாங்க?”

“மழையப் பத்திப் பேசுவாங்க.”

“தெனமுமா?”

“அங்க தெனமும் மழைதான் ஆன்ட்டி.”

“பாவம். சரி, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்ல.”

“ஏன், எதும் கொறையா? நீங்க என்ன ஆளுக?”

பெண் பேச்சை மாற்றப் பார்த்தாள். “நீங்க எங்க போறீங்க?”

அம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏம்மா, ஒரு காரியமாக் கெளம்புனவளப் பாத்து எங்கன்னு கேக்கலாமா? தூரமான்னுல்லா கேக்கணும்! படிச்ச புள்ளைக்கு நாலு பேருகிட்டப் பேசத் தெரியலையே.”

“சாரி ஆன்ட்டி. தூரமா?”

“ம். பக்கந்தான்.”

அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். “எங்கம்மா போகணும்?”

அவரைத் திட்ட முடியுமா? அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “கோர்ட்டு ஸ்டாப்பு.”

“சத்தமாச் சொல்லுங்க.”

“கோர்ட்டு!”

“வாய்தாவா ஆன்ட்டி? என்ன கேஸு?” அந்தப் பெண் அதுவரை இவ்வளவு அன்பாகப் பேசவில்லை.

“அடுத்த வீட்டு விஷயத்த இப்படியா கேப்பாக?”

அம்மாள் டிக்கெட்டைப் பர்சில் திணித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வருது. மழை வருமோ?”