ஒதுங்க மாட்டேனுங்க

மாலை மணி ஆறேமுக்கால். ஐப்பசி மழை. அன்னூரிலிருந்து கோவைக்கு வருகிற பெரிய சாலை இல்லை... அதைவிட்டுப் பிரிந்து, சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே நெளிந்து வரும் ஒற்றைத் தார்ச்சாலை. எட்டு கிலோமீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது.

அந்தச் சாலையில் அப்போது ஒரே ஒரு பைக். ஓட்டியது பிரீத்திகா. நம்ம சுந்தரராஜுலு இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா மகள். கணபதியில் பெண்களுக்கு டூ வீலர் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் நாளைக்கே போய் அவளைக் கேட்டுக்கொள்ளலாம். ஒழுங்காகக் கேட்டால் சொல்வாள். இளித்துக்கொண்டு கேட்டால் ஹெல்மெட்டாலேயே போடுவாள்.

யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள். சாரல் அடிக்கிறது.

அவள் ஓட்டிய வண்டி அவளுடையது இல்லை. தம்பி ரவிதேஜாவுடையது. இருபத்து நாலு வயது, பம்பு மோட்டார் மெக்கானிக். போன வருஷம் இதே ஐப்பசியில், இதே சாலையில், வேலை முடிந்து மழையில் திரும்பியவன், ஒரு வளைவை ஒட்டியிருந்த கிணற்றுக்குள் வண்டியோடு போய்விட்டான். நம் பக்கத்துக் கிணறுகளைத்தான் தெரியுமே... ரோட்டை ஒட்டி, சுற்றுச்சுவர் இல்லாமல், புல் மூடிக் கிடக்கும். மறுநாள் காலையில்தான் தூக்கினார்கள்.

ஊர் என்ன சொன்னது? வேகம் என்றது. சின்னப் பையன், மழை, வேகம்... வேறென்ன இருக்கப்போகிறது என்றது. துக்கத்துக்கு வந்தவர்களே காபியைக் குடித்துக்கொண்டு பேசினார்கள். "ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தாராங்க, ஊட்டுல இருக்கற பையன உட்டுப்போட்டாங்க." அவளிடம் கற்றுக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள்.

தம்பி செத்ததை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். அவன் திமிர் எடுத்துச் செத்தான் என்கிற பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. மழை வந்தால் முப்பதுக்கு மேல் அவன் ஸ்பீடாமீட்டர் முள் ஏறாது. பின்னால் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அதனால், அப்பா வரதராஜுலு பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்ன அந்த வண்டியைப் பிரித்துக் கழுவி, புது டயரும் பிரேக்கும் போட்டு ஓட வைத்தாள். வருஷம் திரும்பியது. மழை பிடித்த முதல் சாயங்காலம் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள்.

"அந்த ரோட்டுல போவாத அம்மணி," என்றார் வரதராஜுலு. "அங்கென்னமோ இருக்குதுன்னு சொல்றாங்க."

"இருந்தா நல்லதுங்க நைனா. என்ற தம்பி எப்படிப் போனான்னு கேக்கறதுக்கு எனக்கும் ஒரு ஆளு வேணும்."

கிளம்பிவிட்டாள். அன்னூர் வரை போய்த் திரும்பி, அந்தக் குறுக்குச் சாலையில் நுழைந்ததும் மழை வலுத்தது. வேகம் முப்பது. இரண்டு பிரேக்கையும் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்... பிடித்தது. ரெயின்கோட்டின்மேல் சடசட. ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு. வேறு சத்தம் இல்லை.

மூன்று கிலோமீட்டர் வந்திருப்பாள்.

பா...ம்.

பஸ் ஹாரன். பின்னாலிருந்து. கண்ணாடியைப் பார்த்தாள். மஞ்சளாக ஒரு வெளிச்சம்... இரண்டு இல்லை, ஒன்றே ஒன்று.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் ஒதுங்கியிருப்பேன். நம் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் ஒதுங்குவான். பின்னால் ஒருத்தர் அவசரமாக வந்தால் இடது பக்கம் இறங்கி, கையையும் ஆட்டி, போங்க சாமி என்று அனுப்பிவைப்போம். அதுதான் நமக்கு மரியாதை. அவள் கையும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பத்தான் பார்த்தது. அப்போது கீழே கவனித்தாள். தார் எங்கே முடிகிறது, சேறு எங்கே ஆரம்பிக்கிறது... தெரியவில்லை. தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சக்கரத்தை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நடு ரோட்டிலேயே போனாள்.

பாம்... பாம்... பாம்.

கிட்டத்தில் வந்துவிட்டது. கூடவே ஒரு நாற்றம். பல வருஷம் இறைக்காத கிணற்றில் எட்டிப் பார்த்தால் மூக்கில் ஏறுமே, அந்தப் பாசி நாற்றம். காட்டிலிருந்து வரவில்லை... ஹெல்மெட்டுக்கு உள்ளே இருந்தது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. முதுகுக்குப் பின்னால் அவ்வளவு வெளிச்சம் இருக்கிறது. அவள் நிழல் முன்னால் ரோட்டில் விழ வேண்டும் அல்லவா? விழவில்லை. இன்ஜின் சத்தமும் இல்லை.

பயந்தாள். பயப்படவில்லை என்று நான் சொன்னால் பொய். ஆக்ஸிலரேட்டரை முறுக்கு, முறுக்கிக்கொண்டு ஓடு என்று கை துடித்தது. ஈரத்தில் முறுக்கினால் என்ன ஆகும் என்று தினமும் ஊருக்குச் சொல்கிறவள் அவள். முறுக்கவில்லை. முள் முப்பதிலேயே நின்றது.

வளைவு வந்தது.

ஹாரன் நின்றுபோனது. மழை மட்டும்தான். இடது காதுக்குப் பக்கத்தில், ரொம்பப் பணிவாக ஒரு குரல்...

"ஏனுங்க... கொஞ்சம் ஒதுங்குங்க."

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. தம்பி வேகமாக வரவில்லை. ஒதுங்கியிருக்கிறான். யாரோ பெரியவர் கேட்கிறார் என்று, மரியாதை தெரிந்த பையன், இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறான். வேகத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள், பிரேக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள், நனைந்த வெள்ளைக் கோடு வழுக்கும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தாள். ஒதுங்காதே என்று மட்டும் சொல்லவில்லை. பயம் போன இடம் தெரியவில்லை. கோபம் ஏறியது.

"ஒதுங்க மாட்டேனுங்க!" என்று கத்தினாள். "அவசரம்னா என்ற மேல ஏறிப் போங்க!"

ஹேண்டில்பார் இடது பக்கம் இழுத்தது. அவள் கைமேல் இன்னொரு கை... ஜில்லென்று, வழவழவென்று. அவள் உடம்பை இறுக்கவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். வளைவு முடிகிற இடத்தில் நின்ற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

"அக்கா..."

கிணற்றுப் பக்கமிருந்து. ரவிதேஜாவின் குரல்.

"அக்கா... ஒருக்கா இங்க பாரு."

ஒரு வருஷமாக அந்தக் குரலுக்காக ஏங்கியவள் அவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள். "பாக்க மாட்டேன் கண்ணு," என்றாள். "பாக்கவே மாட்டேன்."

வேப்பமரம் தாண்டியது. கையிலிருந்த ஜில்லிப்பு சட்டென்று விலகியது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய்த்தான் மூச்சுவிட்டிருப்பார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மேடாகத் தரை தெரிந்த ஓர் இடமாகப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை நிறுத்தினாள். இறங்கி, திரும்பிப் பார்த்தாள். அந்த மஞ்சள் வெளிச்சம் வளைவிலேயே நின்றது. பிறகு மெதுவாக... கீழே இறங்கியது. தரையோடு தரையாகி, தரைக்கும் கீழே போய், அணைந்தது.

"மறுபடியும் வாரேனுங்க!" என்று அதைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

மறுநாள் மிச்சமிருந்த ஆறு பெண்களையும் உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். துணிக்கடை ரசாக்கின் மகள் ஆஃப்ரின்தான் கேட்டாள். "பெரிய வண்டி ஹாரன் அடிச்சா ஒதுங்கறதுதானுங்கக்கா மரியாதை?"

"எடம் கண்ணுக்குத் தெரிஞ்சா ஒதுங்கு. தெரியலைன்னா ஒதுங்காத. பின்னால வாரவங்க காத்திருக்கட்டும். காத்திருந்து யாரும் சாகறதில்ல."

அடுத்த வாரமும் மழை. அதே சாலைக்குப் போகிறேன், பயமில்லாதவர்கள் மட்டும் வரலாம் என்றாள். பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் ஆறு பேரும் வந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதுச் சென்னியம்மாள் மொபெட்டில் வந்தாள். "என்னையெல்லாம் அது என்ன பண்ணிப்போடும், பாக்கறனே!" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஒருவர் பின் ஒருவராக, போதுமான இடைவெளி விட்டு, நடு ரோட்டில். முதலில் ஆஃப்ரின். கடைசியில், தம்பியின் அதே வண்டியில், பிரீத்திகா. பின்னாலிருந்து எது வந்தாலும் முதலில் தன்னிடம் வரட்டும் என்றுதான் கடைசியில் வந்தாள்.

வந்தது. மூன்றாவது கிலோமீட்டரில், பா...ம். முன்னால் ஒரு வண்டியும் அசையவில்லை. பாம், பாம், பாம். ஒருத்தியும் ஒதுங்கவில்லை. ஒருத்தியும் முறுக்கவில்லை. பிரீத்திகாவின் காதுக்குள் அந்தப் பணிவான குரல், இந்த முறை கெஞ்சியது. அவள் பதிலே சொல்லவில்லை. எல்லோரும் வளைவில் திரும்பும்போது, ஆள் குறைந்திருக்கிறதா என்று முன்னால் போகும் சிவப்பு விளக்குகளை எண்ணினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து... ஆறு...

ஏழு.

மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

பெரிய சாலை சேருகிற இடத்தில் கடைவெளிச்சத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். பிரீத்திகாவின் வண்டியைத் தவிர ஆறு வண்டிகள்தான் நின்றன. ஆஃப்ரின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பிரீத்திகாவிடம் நடந்து வந்தாள்.

"எனக்கு முன்னால போனாரே, அவரு யாருங்கக்கா? வளைவுலிருந்து இங்க வரைக்கும் வந்தாரு. முப்பதத் தாண்டவே இல்லீங்க."

ஆஃப்ரின் பிரீத்திகாவின் வண்டிக்கு முன்னால் குனிந்தாள். நம்பர் பிளேட்டில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். பார்த்தாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"இதே நம்பருதானுங்கக்கா..."